நீலத்துக்கு ஆகாத சுண்ணாம்பு

கலசம் காலியாக இருந்தது. அந்த அதிர்ச்சியோடு அண்ணன் தங்கை இருவரையும் போன வாரம் நடுக்கூடத்தில் நிற்க வைத்துவிட்டு வந்தோம்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக இரண்டு வரி. ஜனவரியில் அப்பா பெரெண்ட் போய்ச் சேர்ந்தார். வீட்டை விற்றாகிவிட்டது. புதன்கிழமை அலமாரியை ஒழிக்கும்போது, இரண்டரை வருஷமாக அதன் மேல் உட்கார்ந்திருந்த அம்மா அலெய்டாவின் அஸ்திக் கலசத்தை மகள் வில்மா தூக்கினாள். எடையே இல்லை. தகனக்கூடத்தில் போட்டுத் தரும் எண் பொறித்த களிமண் வில்லை ஒன்றும், அடியில் ஒட்டிய வெள்ளைத் துணுக்குகள் கொஞ்சமும்தான் உள்ளே இருந்தன. அப்பா யாரிடமும் சொல்லாமல் அம்மாவை எங்கோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டிருக்கிறார்.

எங்கே?

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இரண்டு மணிக்கு வீடு வாங்குகிறவர்கள் கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்க்க வருகிறார்கள். மூன்றரைக்குப் பத்திரம் முடிக்கும் நோட்டரி அலுவலகத்தில் கையெழுத்து, சாவி ஒப்படைப்பு. அதற்குள் அம்மாவைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டாக வேண்டும். பிறகு அந்த மண்ணில் கால் வைக்கக்கூட அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

ஒன்பது மணிக்கே அண்ணன் ஏவர்ட் வந்துவிட்டான். காருக்குப் பின்னால் இழுவை வண்டி, அதில் ஒரு மண்வெட்டி. கூரை வேலை செய்கிற ஆள். எதையும் யோசிப்பதற்கு முன் ஏணியைச் சாத்திவிடுவான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு வில்மா? ஆஸ்பத்திரில அம்மா என்ன சொன்னாங்க? நீயும்தான் பக்கத்துல இருந்த."

"என் ஹைட்ரேஞ்சியாவுக்கு அடியில போடுங்கன்னாங்க."

"அப்புறம் என்ன? தோண்டுறேன். செடியோட தூக்கி வண்டில வெச்சிட்டுக் கிளம்புறோம்."

"செடிய எப்படித் தூக்குவ? தோட்டத்துச் செடியெல்லாம் வீட்டோட சேர்த்தின்னு நீதானே படிவத்துல டிக் போட்ட!"

வீட்டை விற்கும்போது எது இருக்கும், எது போகும் என்று நான்கு பக்கத்துக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். திரைச்சீலைக் கம்பி, தபால் பெட்டி, கதவு மிதியடி வரைக்கும் அதில் வரும். ஏவர்ட் அதை டி.வி.யில் கால்பந்து பார்த்துக்கொண்டே நிரப்பினான். மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே டிக். 'இருக்கும், இருக்கும், இருக்கும்.' அவன் மனைவி அன்றைக்கே கேட்டாளாம், "பாத்துத்தான் போடுறீங்களா?" என்று. ஆட்டம் அப்போது முக்கியமான கட்டத்தில் இருந்ததாம்.

வாசலிலிருந்து தெருக்கதவு வரை செங்கல் பாதை. பாதைக்கு இடது பக்கம், வீட்டின் நிழல் விழுகிற இடத்தில், அம்மாவின் ஹைட்ரேஞ்சியாப் புதர். வலது பக்கம், நாள் முழுக்க வெயில் அடிக்கிற இடத்தில், அப்பாவின் பியோனிப் பூச்செடி. ஐந்தே எட்டு தூரம். ஆனால் அந்த ஐந்து எட்டுக்குள் அப்பா இரண்டு தேசம் வைத்திருந்தார்.

இங்கே வேலுவே காட்டுப் பக்கத்து மணல் புளிப்பு மண். ஹைட்ரேஞ்சியாவுக்கு அதுதான் பிடிக்கும், அதில்தான் நீலமாகப் பூக்கும். பியோனிக்கு அது ஆகவே ஆகாது. அதனால் அப்பா வருஷா வருஷம் பிப்ரவரியில் வலது பக்கம் மட்டும் ஒரு பிடி சுண்ணாம்பு தூவுவார். இடது பக்கம் காட்டிலிருந்து மூட்டை கட்டி வந்த பைன் ஊசியிலை, காலையில் வடித்த காப்பித்தூள் சக்கை. மழையில் சுண்ணாம்பு இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது என்று பாதையோரம் ஒரு பலகையைக்கூட நிற்க வைத்துப் புதைத்திருந்தார். தெருவே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. ஜூலையில் அந்த நீலத்தைப் பார்க்க சைக்கிளை நிறுத்துகிறவர்களை ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டிருப்பாள்.

சாம்பலை மட்டும் எடுத்துக்கொண்டு செடியைத் திரும்ப நட்டுவிடுவது என்று முடிவாகி, பத்து மணிக்கு ஏவர்ட் மண்வெட்டியை இறக்கினான்.

ஹைட்ரேஞ்சியாவுக்கு வேர் ஆழம் போவதில்லை. நாலு பக்கமும் அறுத்து நெம்பியதும், பாய்போலப் பின்னிய வேரோடு செடி எழுந்து வந்தது. போன வருஷத்துக் காய்ந்த பூங்கொத்துகளோடு அதை இழுத்துப் பாதையில் கிடத்தினான். யாரும் வெட்டிவிடாததால் அவை மே மாதத்திலும் பழுப்பாக ஆடிக்கொண்டிருந்தன.

ஒரு முழம் தோண்டினான். கறுப்பு மண். ஒன்றரை முழம். மஞ்சள் மணல். இரண்டு முழம். அதே மணல்.

வில்மா குழிக்குள் மண்டியிட்டு மண்ணைக் கையால் அளைந்தாள். ஒரு வெள்ளைத் துணுக்குகூட இல்லை.

"இல்ல," என்றாள்.

"இருக்கணும்."

"இல்ல அண்ணா. இங்க யாரும் தோண்டினதே இல்ல. மண்ணு அடுக்கு அடுக்கா அப்படியே இருக்கு, பாரு."

ஏவர்ட் மண்வெட்டியை வீசி எறிந்தான். "கடைசியா கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதக்கூட இந்த மனுஷன் செய்யல! காட்டுல கொட்டினாரோ, சாக்கடைல கொட்டினாரோ!"

"அப்பாவப் பத்தி அப்படிப் பேசாத."

"பேசுவேன். மாசத்துக்கு ஒரு தடவ ரயில்ல வந்து காப்பி குடிச்சிட்டுப் போனவ நீ. உனக்கு அவரு நல்லவருதான்."

"பத்து நிமிஷ தூரத்துல இருந்தியே, நீ எத்தன தடவ வந்த? இந்தத் தோட்டத்துல உன் கால் பட்டு எத்தன வருஷம் ஆச்சு, சொல்லு!"

அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. அம்மா போன பிறகு அப்பாவின் முகத்தைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது என்பதை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம். பக்கத்து வீட்டு ஹென்ரிக்கா. எழுபத்தாறு வயது, கறுப்புப் பாவாடை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்று துணிகூடக் காயப்போடாத சபையைச் சேர்ந்தவள். நாற்பது வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் அம்மாவின் தகனத்துக்கு வரவில்லை. மனுஷ உடம்பு மண்ணுக்குள் போக வேண்டும், நெருப்புக்குள் போகக் கூடாது என்பது அவள் கட்சி.

"என்ன தேடுறீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "உங்கப்பா தோண்டினது ஒரு ஞாயித்துக்கிழம. அலெய்டா போன அந்த அக்டோபர்ல."

வில்மா வேலிக்கே ஓடிவிட்டாள். "எங்க தோண்டினாரு அத்த? எந்தப் பக்கம்?"

"நான் பாக்கல."

"தோண்டினாருன்னு இப்பத்தானே சொன்னீங்க!"

"மண்வெட்டியோட வெளிய வந்தாரு. அது வரைக்கும் பாத்தேன். ஞாயித்துக்கிழம வேல செய்றது பாவம். செய்றவனப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறதும் பாவம்தான். நாற்காலிய அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டேன்."

ஏவர்ட் வானத்தைப் பார்த்தான். ஊரிலேயே எதையும் விடாமல் பார்க்கிற ஒரே ஜன்னல், அன்றைக்குப் பார்த்து முதுகைக் காட்டியிருக்கிறது!

கிழவி போகவில்லை. ஏதோ மனத்தாங்கலோடு நின்றாள். "அதுக்கப்புறம் என்மேல அவருக்குக் கோவமோ என்னமோ. ஜூன் மாசமானா எனக்கு ஒரு பியோனிப் பூ கொண்டாந்து குடுப்பாரு. முப்பது வருஷப் பழக்கம். ரெண்டு வருஷமா அதும் வரல. கேட்டதுக்கு, பூக்கல ஹென்ரிக்கான்னாரு. அந்தச் செடி பூக்காம இருக்குமா? பொய்தானே?"

வில்மா அப்படியே திரும்பி வலது பக்கம் பார்த்தாள்.

"பொய் இல்ல அத்த," என்றாள் மெதுவாக. "நிஜமாவே பூக்கல. போன ஜூன்ல நான் வந்தப்பகூட வெறும் இலதான்."

"அதனால?" என்றான் ஏவர்ட்.

"ஹைட்ரேஞ்சியாவ நீ இப்ப பிடுங்கிப் போட்டியே, திரும்ப நட்டுத் தண்ணி ஊத்தினா அது பாட்டுக்கு இருக்கும். பியோனி அப்படி இல்ல. ஒரே எடத்துல அம்பது வருஷம் இருக்கும், ஆனா ஒரு தடவ அசச்சுட்டா கோவிச்சுக்கும். ரெண்டு வருஷம், மூணு வருஷம் பூக்காது. அப்பா அத அசச்சிருக்காரு அண்ணா. அவரு கை அந்தச் செடிமேல சும்மா படாது."

"அம்மா கேட்டது ஹைட்ரேஞ்சியா."

"ஹைட்ரேஞ்சியாதான் கேட்டாங்க. சாம்பல்னா என்ன? எலும்பு. எலும்புன்னா சுண்ணாம்பு! அத அந்தச் செடிக்கு அடியில கொட்டியிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா? நீலம் போயிருக்கும். ரோஸ் ஆயிருக்கும்."

அம்மாவுக்கு ரோஸ் நிறம் கண்ணில் காட்டக்கூடாது என்பது ஏவர்ட்டுக்கும் தெரியும். கல்யாண வீட்டில் ஒருமுறை ரோஸ் நாப்கினை மடியில் போடவே மாட்டேன் என்று அடம் பிடித்தவள்.

"அவங்களாலேயே அவங்க நீலம் கெட்டுப் போகக் கூடாதுன்னு பாத்திருக்காரு," என்றாள் வில்மா. "சுண்ணாம்பு எந்தச் செடிக்குப் பிடிக்குமோ அதுகிட்ட கொண்டு போயிருக்காரு."

ஏவர்ட் மண்வெட்டியை எடுத்தான். வில்மா குறுக்கே போய் நின்றாள்.

"இரும்பு வேணாம். கையால."

பியோனியில் இந்த வருஷம் மொட்டு வைத்திருந்தது. ஏழு மொட்டு. மூன்றாவது வருஷம் கோபம் தணிந்துவிட்டது போலிருக்கிறது. அதன் பக்கத்தில் இருவரும் மண்டியிட்டு விரலால் மண்ணை ஒதுக்கினார்கள். நாலு விரற்கடைக்குக் கீழேயே வந்தது. மண்ணோடு கலந்து, அரிசிக் குருணை மாதிரி வெள்ளைத் துணுக்குகள். கலசத்தின் அடியில் ஒட்டியிருந்த அதேதான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், வேருக்கு நடுவில், எங்கே விலக்கினாலும் இருந்தது. அப்பா ஓர் இடத்தில் குவித்துக் கொட்டவில்லை. செடியைத் தூக்கி, மண்ணெல்லாம் கலந்து, மறுபடி உட்கார வைத்திருக்கிறார். ஒரு நாள் முழுக்க எடுத்திருக்கும்.

ஏவர்ட் அந்த மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். ஐம்பத்தைந்து வயது ஆள். வில்மாவும் அழுதாள். ஆனால் அவளுக்கு அழுகையோடு ஒரு நிம்மதியும் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஆக, கடைசில மண்ணுக்குத்தான் வந்திருக்கா," என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு ஹென்ரிக்கா உள்ளே போனாள்.

அப்போது மணி ஒன்றே கால்.

"வண்டிய இப்படிப் பின்னால எடுக்கிறேன்," என்று ஏவர்ட் எழுந்தான். "சுத்தி வளைச்சு வெட்டி, மண்ணோட தூக்கிடலாம்."

"முடியாது. மொட்டு வெச்சிருக்கு. இப்ப தூக்கினா செத்துப் போயிடும். பியோனிய எடுக்கணும்னா செப்டம்பர் கடைசி. இல வாடி, செடி தூங்கப் போற நேரம். அதுக்கு முன்னாடி தொடக் கூடாது."

"செடி போனாப் போகுது! அம்மாவ எடு!"

"எந்த அம்மாவ எடுப்ப? வேரெல்லாம் அவங்களுக்குள்ள போயிருக்கு. பாதிய அள்ளிக்கிட்டு, மீதிய விட்டுட்டுப் போறதா? செடியும் சாகணும், அவங்களும் பாதியாகணும்னா அப்பா எதுக்கு இத்தன பாடுபட்டாரு?"

ஏவர்ட் பல்லைக் கடித்தான். "சரி. செப்டம்பர்ல வரலாம். நல்லபடியா கேட்டா ஒரு செடியத் தராமலா போயிடுவாங்க? ஆனா ஒண்ணு. சாம்பல் விஷயம் வாயத் திறக்காத. இந்த நாள்ல எவன் அத வாசல்ல வெச்சுக்கிட்டுக் குடித்தனம் பண்ணுவான்? கையெழுத்துப் போடாம ஓடிடுவாங்க."

வில்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் தலையாட்டினாள். செடியைக் கேட்டு வாங்குவது பெரிய விஷயமில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. ஹைட்ரேஞ்சியாவை அவசர அவசரமாகக் குழியில் இறக்கி, மண்ணைத் தள்ளி, நாலு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு, நகக்கண்ணில் மண்ணோடு வாசலில் நின்றார்கள்.

இரண்டு மணிக்கு, அடித்து வைத்தாற்போல, தரகரும் வாங்குகிறவர்களும் வந்தார்கள். யோரிட்டும் மைக்கெயும், முப்பதைத் தாண்டாத ஜோடி. யோரிட் ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடினான். மைக்கெ வீட்டுக்குள் போகாமல் தோட்டத்திலேயே நின்றுவிட்டாள்.

"விளம்பரத்துல போட்டிருந்த பழைய கோடைப் படத்துல நீலமா இருந்துச்சே, அது இதுதானா? அதப் பாத்துத்தான் நான் இந்த வீட்டயே பிடிச்சுக்கிட்டேன். ஏன் இப்படித் தொங்குது?"

"தாகம்," என்றாள் வில்மா. "நிறையத் தண்ணி குடிக்கும். சுண்ணாம்பு மட்டும் பக்கத்துல காட்டாதீங்க. நீலம் போயிடும்."

தரகர் ஈர மண்ணைப் பார்த்தார், பாதையில் சிதறிக் கிடந்த வேரைப் பார்த்தார், கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். நல்ல வேளை, எதையும் கேட்கவில்லை.

ஏவர்ட் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு யோரிட்டிடம் போனான். "ஒரு சின்ன உதவி. அந்தப் பக்கம் இருக்கே பியோனி, அது எங்க அப்பாவோடது. படிவத்துல நான் தெரியாம டிக் போட்டுட்டேன். செப்டம்பர்ல வந்து எடுத்துக்கலாமா?"

"அட, அதுக்கென்ன, தாராளமா!" என்றான் யோரிட். "செப்டம்பர் எதுக்கு? இன்னிக்கே எடுத்துக்கிட்டுப் போங்க. உங்ககிட்ட வண்டிகூட இருக்கு. எங்களுக்கும் ஒரு வேல மிச்சம். செவ்வாய்க்கிழம மெஷின் வருது."

"மெஷினா?"

"காருக்கு சார்ஜ் ஏத்த கேபிள் பதிக்கணும். தெருவுலேர்ந்து செவுரு வரைக்கும்." கையை நீட்டி ஒரு கோடு காட்டினான். தெருக்கதவில் தொடங்கி, ஏழு மொட்டுக்கு நடுவே போய், சுவரில் முடிந்தது அந்தக் கோடு. "அப்புறம் கார் நிறுத்த இந்தப் பக்கம் பூரா கல்லு. இந்தத் தேதி கிடைக்கவே ஆறு வாரம் காத்திருந்தோம்."

ஏவர்ட் வில்மாவைப் பார்த்தான். எடுத்துக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"இப்ப எடுத்தா பிழைக்காதுங்க," என்றாள் யோரிட்டிடம். "செப்டம்பர் வரைக்கும் அசைக்கக் கூடாது."

"ஒரு செடிதானே?" என்றான் யோரிட். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. "வேணும்னா புதுசா ஒண்ணு நாங்களே வாங்கித் தர்றோம்."

மைக்கெ மட்டும் வில்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் தரகர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி எல்லோரையும் கிளப்பிவிட்டார்.

நோட்டரி அலுவலகத்துக்குக் காரில் ஆறு நிமிஷம்.

"திங்கக்கிழம சாயங்காலம் வந்து வெட்டி எடுத்துடலாம்," என்றான் ஏவர்ட். "எடுத்துக்கன்னு அவனே சொல்லிட்டான். செத்தா சாகட்டும். மெஷின் கைல சிக்குறதுக்கு இது மேல்."

"சொல்லிடலாம் அண்ணா."

"சொன்னா வீடு நின்னு போயிடும்."

"போகட்டும்."

"உனக்கென்ன, சொல்லிட்டு ரயிலேறிடுவ! இந்த ஊர்ல இருக்கப் போறவன் நான். பொண்டாட்டி சாம்பலப் பூச்செடிக்குப் போட்டவன் புள்ளன்னு பேசுவாங்க. ஏற்கெனவே தகனத்துக்கே பாதி ஊரு வரல!"

வில்மா கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனுக்காகத்தான் இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தாள். இனிமேலும் மூடிக்கொண்டிருந்தால் தன்னைத் தானே மன்னிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அண்ணனை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தால் இருக்கிற ஒரே உறவும் போய்விடும்.

நீளமான மேஜை. காப்பி, ஆளுக்கு ஒரு பிஸ்கட். நோட்டரி அம்மாள் பத்திரத்தை அவசரமில்லாத குரலில் படித்தார். தெருவின் பெயர், மனையின் அளவு, 'கட்டடமும் அதிலுள்ள தோட்டமும், அதன் செடிகளும்.' செடிகள் என்றதும் ஏவர்ட்டின் காப்பிக் கோப்பை தட்டில் இடித்துச் சத்தம் போட்டது.

"பார்வையிட்டாச்சா? எல்லாம் ஒப்புக்கொண்டபடியே இருக்கா?" என்று நோட்டரி கேட்டார்.

"இருக்கு," என்றான் யோரிட்.

"உங்க தரப்புல?"

வில்மா மூச்சை இழுத்தாள். சொல்லிவிடுவது என்று தீர்மானித்து நாற்காலியில் நிமிர்ந்தாள். அதற்குள் பக்கத்தில் பேனா மேஜைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"இல்லைங்க," என்றான் ஏவர்ட். அவன் காது இரண்டும் சிவந்திருந்தது. நோட்டரியைப் பார்க்கவில்லை, தங்கையையும் பார்க்கவில்லை. நேராக மைக்கெயைப் பார்த்துத்தான் சொன்னான். "எங்கம்மா இன்னும் அங்கதான் இருக்காங்க. அந்தப் பியோனிக்கு அடியில. செப்டம்பர் வரைக்கும் அவங்கள எங்களால எடுக்க முடியாது."

மைக்கெயின் கை தானாக வாய்க்குப் போயிற்று. நோட்டரி அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

கையெழுத்துக்காகத் திறந்து வைத்திருந்த தன் பேனாவை யோரிட் மூடினான்.